யாரை நிறுத்துவது என்று தெரிந்தவர்: உடற்பயிற்றுநரின் தேர்ச்சியும் சான்றிதழும்

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமும் சமயமும் வரலாறும் பேசப்படுவதே நம்மிடையே வழக்கம். உடற்பயிற்சி நிலையத்தில் நின்று பிறருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவரின் தகுதியைப் பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுது தேவையா என்று சிலர் எண்ணக்கூடும். தேவை என்றே நினைக்கிறேன். 'ஜிம் மாஸ்டர்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் மனிதரின் கையில், முன்பு வைத்தியரும் தாதியும் மட்டுமே எடுத்துவந்த சில முடிவுகள் இன்று வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த முடிவுகளை எடுக்க அவருக்கு யாராவது கற்பித்தார்களா, கற்றதைக் கற்பித்தவரல்லாத வேறொருவர் சோதித்துப் பார்த்தாரா என்பதே இன்றைய உரையின் பொருள்.

முன்பு ஜிம்முக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஒரே வகையினர். நோய்நொடி இல்லாத, மார்பும் புயமும் திரண்டு வரவேண்டும் என்ற ஆசையுள்ள இளைஞர்கள். திருகோணமலை மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் ஓடியும் உதைபந்தாடியும் வளர்ந்த வீரர்கள். பயிற்றுநர் தவறு செய்தாலும் இளம் உடல் அதைப் பொறுத்துக்கொண்டது. இன்று அதே வாசலால் நுழைபவர் நாள் முழுவதும் கதிரையில் இருந்து வேலை செய்யும் நாற்பத்தைந்து வயது உத்தியோகத்தர். சீனக்குடா ஆலையொன்றில் இரவு முறை முடித்து வருபவர். பிள்ளை பெற்று ஆறு மாதமான தாய். கிளினிக்கில் "உடம்பைக் குறையுங்கோ, எக்ஸர்சைஸ் செய்யுங்கோ" என்று சொல்லி அனுப்பப்பட்டவர். இவர்களின் உடலுக்குள் என்ன இருக்கிறது என்பதை 2005–2006இல் நடந்த இலங்கை நீரிழிவு ஆய்வு ஓரளவு சொல்கிறது. 20 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. அதைவிட முக்கியமான செய்தி, அவர்களில் 36 சதவீதத்தினருக்கு ஆய்வுக்குழு வந்து இரத்தத்தைப் பரிசோதிக்கும்வரை தமக்கு நோய் இருப்பதே தெரியாது. பின்வந்த ஆய்வுகள் நோய் வீதம் ஏறியிருப்பதையே காட்டுகின்றன. போர் காரணமாக அந்த 2005–2006 ஆய்வில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. நாட்டின் கணக்கில் திருகோணமலை அன்று ஒரு வெற்றிடம். ஆகவே "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று பதிவுப் படிவத்தில் கையெழுத்திடும் புதியவரின் சொல்லைப் பயிற்றுநர் அப்படியே நம்பிவிட முடியாது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

தெரிந்தவர்களின் நிலையும் எளிதானதல்ல. சீனி வருத்தத்துக்கு மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கும், அதனோடு கிளிக்ளசைட் எடுப்பவருக்கும், இன்சுலின் போடுபவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஜிம்முக்குள் உயிர் சார்ந்த வேறுபாடு. முதலாமவருக்கு உடற்பயிற்சியால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. மற்ற இருவருக்கும் அது எந்த நாளும் நடக்கக்கூடியது. பிரஷருக்கோ இருதயத்துக்கோ பீட்டா புளொக்கர் வகை மாத்திரை எடுப்பவரின் நாடித்துடிப்பு, எவ்வளவு கடினமாக உழைத்தாலும், ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஜிம் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் '220இலிருந்து வயதைக் கழி' என்ற கணக்கு அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. உண்மையில் அந்தக் கணக்கு 1971இல் வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. அதை நிறுவுவதற்கென்று முறையான ஆய்வு எதுவும் அன்று நடந்திருக்கவில்லை. நீரிழிவால் கண்ணின் விழித்திரையில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். நெடுநாள் உடலை அசைக்காதவரை முதல் நாளிலேயே இருநூறு ஸ்குவாட் போடவைத்தால், தசைநார்கள் உடைந்து அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை வரலாம். இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும்போதுதான் அது வெளியே தெரியும். இவற்றோடு நம் ஊருக்கே உரிய இரண்டைச் சேர்க்கவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மாலை நான்கு மணிக்குச் செய்யும் பயிற்சி, மார்கழியில் செய்யும் அதே பயிற்சியாகாது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றரை, இரண்டு வாரம் எடுக்கும். நோன்பு மாதத்தில், சீனி வருத்தமுள்ள ஒருவர் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பாக ஜிம்முக்கு வந்தால் என்ன செய்வது என்பது கிண்ணியாவிலும் மூதூரிலும் ஆண்டுதோறும் எழும் கேள்வி. அமெரிக்காவில் அச்சான பாடப்புத்தகத்தில் அதற்கு நேரான பதிலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இத்தனையையும் சொன்னது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. உடற்பயிற்சி செய்யாமல் இருப்பதால் வரும் கேடு, செய்வதால் வரும் கேட்டைவிடப் பன்மடங்கு பெரிது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப்பயிற்சியும் பெரியவர்கள் எல்லோருக்கும் வேண்டும் என்கிறது. நீண்டகால நோயோடு வாழ்பவர்களையும் அது விலக்கவில்லை. ஆகவே நோயாளிகளை ஜிம்முக்குள் விடாதீர்கள் என்பது என் வாதம் ஆகாது. அவர்கள் வரவேண்டும். வருபவரைப் பார்த்து, கேட்டு, எவ்வளவு, எப்போது, எதை வேண்டாம் என்று முடிவெடுக்கத் தெரிந்தவர் அங்கே நிற்கவேண்டும். பயிற்றுநரின் தேர்ச்சி முதலில் வெளிப்படுவது இந்த நிறுத்தும் முடிவில்தான். டெட்லிஃப்டை அழகாகச் செய்துகாட்டுவது அதற்குப் பிறகு வருவது. இந்த முடிவை எடுக்கும் திறனைச் செய்துகாட்டச் சொல்லிச் சோதிக்காத சான்றிதழ் எதற்கும் சான்று கூறவில்லை என்பதே என் நிலைப்பாடு.

இப்போது சுவரில் மாட்டப்பட்டிருக்கும் சான்றிதழ்களைப் பாருங்கள். தேசிய தொழிற்றகைமை முறைமையின் கீழ் வரும் சான்றிதழ் ஒரு வகை. வெளிநாட்டு நிறுவனங்களின் இணையவழிச் சான்றிதழ் இன்னொரு வகை. இரண்டு நாள் பயிலரங்கின் முடிவில் எல்லோருக்கும் வழங்கப்படும், தங்கநிற முத்திரை பதித்த பத்திரம் மூன்றாவது வகை. உடற்கட்டுப் போட்டியில் வென்ற கேடயமும் பல இடங்களில் சான்றிதழின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாடிக்கையாளரின் கண்ணுக்கு இவை அனைத்தும் ஒன்றுபோலவே தெரியும். வியாபாரப் பெயர்ப் பதிவுப் பத்திரமும் பக்கத்திலேயே தொங்கும். அது கடையின் உரிமையாளர் யார், முகவரி எது என்பதைச் சொல்கிறதே தவிர, உள்ளே நிற்பவருக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்வதில்லை. ஒரு சான்றிதழைப் பார்த்ததும் கேட்கவேண்டியவை சில உண்டு. இவர் எதைச் செய்து காட்டினார்? யாருக்கு முன்னால்? அந்த ஒருவர் இவருக்குப் பாடம் விற்றவரா? எத்தனை ஆண்டுக்கு முன்? இவற்றுக்கு விடை இல்லாத பத்திரம் வெறும் வருகைப் பதிவு.

துறைமுகத்தோடு வாழும் மாவட்டத்துக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. கடலோடிகளின் உலகம் இதே சிக்கலில் விழுந்து எழுந்த கதை நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1967இல் 'டொரி கன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் பாறையில் மோதி உடைந்தது. அதன் பின்னான ஆண்டுகளில் கப்பல் அதிகாரிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உலகப் பொதுவான நியமம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1978இல் சர்வதேச சமவாயம் ஒன்று உருவானது. அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பல இடங்களில் தேர்ச்சியின் அளவை 'நிர்வாகத்துக்குத் திருப்தியளிக்கும் வகையில்' என்று மட்டும் எழுதிவைத்தார்கள். எந்த நாடு எதனால் திருப்தி அடைகிறது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். பத்திரம் ஒன்று, பத்திரத்துக்குப் பின்னாலிருந்த திறமை பலவிதம். 1995இல் அந்தச் சமவாயத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் திருத்தி எழுதினார்கள். ஒவ்வொரு பணிக்கும் இன்ன திறன், அதற்கு இன்ன அறிவு, அதை இன்ன முறையில் செய்துகாட்டவேண்டும், செய்ததை இன்ன அளவுகோலால் மதிப்பிடவேண்டும் என்று நான்கு பத்திகளில் அட்டவணை போட்டார்கள். சான்றிதழை ஐந்து ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். பாடம் நடத்தும் கல்லூரிகள் வேறு, சான்றிதழ் வழங்கும் அதிகாரம் வேறு. நம் நாட்டில் அந்த அதிகாரம் 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டத்தின் கீழ் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்திடம் இருக்கிறது. கற்பித்தவரே தன் மாணவர் தேறிவிட்டார் என்று எழுதிக்கொடுத்துவிட முடியாது.

கடலோடிகளின் முறையும் மாசற்றதாக இருக்கவில்லை. 2001இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்ட போலிச் சான்றிதழ்களைத் தொகுத்தபோது எண்ணிக்கை 12,000ஐத் தாண்டியது. அதற்குக் கடலோடிகளின் உலகம் கண்ட மருந்து சான்றிதழ் முறையைக் கைவிடுவது அன்று. இலக்கத்தைக் கொடுத்து யாரும் சரிபார்க்கக்கூடிய பதிவேட்டை வைப்பது. நான் இந்தக் கதையை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், உடற்பயிற்சித் துறை இன்று நிற்கும் இடம் 1978இன் இடம் என்பதுதான். அதிலும் பின்தங்கிய இடம். இங்கே திருப்தி அடையவேண்டிய நிர்வாகம் எது என்பதும் பல நாடுகளில் தெளிவாக இல்லை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், இந்தச் சான்றிதழ்த் தொழில் பெருகி வளர்ந்த இடம் அது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1954இல் தோன்றியது. 1975 முதல் சான்றிதழ் வழங்கிவருகிறது. எண்பதுகளில் வேறு பல அமைப்புகளும் வந்தன. நல்ல அமைப்புகள் பரீட்சையைச் சுயாதீனமான அங்கீகார ஆணையத்தின் மேற்பார்வைக்கு உட்படுத்துகின்றன. இதய இயக்க மீட்பு முதலுதவிச் சான்று இல்லாமல் தகுதி தருவதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுக்கொருமுறை மேலதிகக் கல்வி கற்றுப் புதுப்பிக்கச் சொல்கின்றன. அதே சந்தையில் ஒரு பிற்பகலில் இணையத்தில் படித்து, தவறினால் மீண்டும் மீண்டும் எழுதி, வாழ்நாள் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. இந்த வேறுபாடு அறிவில் தெரிகிறதா என்று 2002இல் ஓர் ஆய்வு பார்த்தது. மாலெக்கும் அவரது சக ஆய்வாளர்களும் 115 பயிற்றுநர்களை ஒரு வினாத்தாளுக்கு விடையளிக்கச் செய்தார்கள். உடற்பயிற்சி விஞ்ஞானத்தில் பட்டம், கடுமையான பரீட்சை வைக்கும் இரண்டு அமைப்புகளின் சான்றிதழ் ஆகியவை உள்ளவர்கள் கூடுதலாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். மற்றச் சான்றிதழ்கள் அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை. தொழிலில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதற்கும் அவருடைய அறிவுக்கும் தொடர்பே காணப்படவில்லை. 2015இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, சான்றிதழ் பெற்ற 1,800க்கும் மேற்பட்டோரிடம் உடற்பயிற்சி விதிக்கும் வழிகாட்டல்களைப் பற்றிக் கேட்டது. சராசரி மதிப்பெண் பாதியைக்கூட எட்டவில்லை. சான்றிதழ் என்ற சொல் எதையும் உறுதி செய்யாது. அதற்குப் பின்னால் என்ன சோதனை நடந்தது என்பதே உறுதி செய்யும்.

இங்கே எழும் முதல் மறுப்பு, அனுபவத்தின் பெயரால் வருவது. "இருபது வருடமாகப் பாரம் தூக்குகிறார், நூறு பேரை உருவாக்கியிருக்கிறார், அவருக்கு எதற்குப் பரீட்சை?" இந்த மறுப்பில் நியாயம் உண்டு. மாலெக்கின் ஆய்வு அளந்தது தாளில் எழுதும் அறிவை. ஒருவரின் தோள் எந்தக் கோணத்தில் நடுங்கத் தொடங்குகிறது என்று கண்ணால் பிடிக்கும் திறனை அது அளக்கவில்லை. அந்தக் கண் அனுபவத்தால் மட்டுமே வரும். ஆனால் அனுபவம் கற்பிப்பது கண்ணுக்கு முன்னால் நடப்பதை மட்டுமே. முதல் வாரத்தோடு நின்றுபோனவர் ஏன் நின்றார், அவர் வீட்டுக்குப் போய் மயங்கினாரா, முழங்கால் வீங்கிப் படுத்தாரா என்ற செய்தி பயிற்றுநரிடம் திரும்பி வருவதில்லை. வைத்தியசாலைக்குப் போனவர் மாஸ்டரிடம் வந்து சொல்வதும் அரிது. நிலைத்து நின்ற நூறு பேரை அவர் அறிவார். நில்லாதவர்களைப் பற்றிய பாடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. தவறு திருப்பித் தெரிவிக்கப்படாத தொழிலில் ஆண்டுகள் கூடக்கூட நம்பிக்கை கூடும்; ஆனால் திறமை கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிலம்பமும் யோகாசனமும் குரு வழியாகவே வந்தன என்று சொல்பவர்களுக்கும் என் பதில் இதுதான். அந்த மரபில் குரு ஒரே சீடனை ஆண்டுக்கணக்காகப் பார்த்தார், அவனோடு ஒரே ஊரில் வாழ்ந்தார், விளைவு அவர் கண்முன் வந்தது. மாதச் சந்தா கட்டி வந்துபோகும் அறுபது பேருக்கு நடுவில் நிற்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. தகுதியைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும்? பிரான்சின் விளையாட்டுச் சட்டக்கோவை, அரசு ஏற்ற டிப்ளோமா இல்லாமல் கூலிக்குப் பயிற்சி கொடுப்பவருக்கு ஓர் ஆண்டுச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் விதிக்க இடம் தருகிறது. பிரேசில் 1998இல் உடற்கல்வித் தொழிலைச் சட்டத்தால் வரையறுத்து, பதிவு செய்தவருக்கு மட்டும் உரியதாக்கியது. அந்த வழியை இங்கே அப்படியே கொண்டுவந்தால், நகரத்தில் குளிரூட்டிய மண்டபம் வைத்திருப்பவர் தப்பிப்பார். கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ வீட்டோடு சேர்த்துச் சிறிய கொட்டகையில் நடத்துபவர் மூடிவிட்டுப் போவார். பெண்களுக்குப் பெண்ணே பயிற்சி கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் மூன்று சமூகங்களிலும் உண்டு. இருக்கிற சில பெண் பயிற்றுநர்களையும் பரீட்சைக் கட்டணமும் கொழும்புப் பயணமும் வெளியே தள்ளிவிட்டால், நூற்றுக்கணக்கான பெண்கள் உடற்பயிற்சியையே விட்டுவிடுவார்கள். உடற்பயிற்சி இன்மையே பெரிய கேடு என்று சற்று முன் நானே சொன்னேன். ஆகவே நாளைக்கே சிறையும் தண்டமும் என்று சட்டம் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. சட்டத்தால் தொடங்கும் நாடு, பெரும்பாலும் பத்திரம் விற்பவர்களையே வளர்க்கிறது. அளவுகோல் தயாராகுமுன் கட்டாயம் வந்துவிட்டால், கிடைப்பதைக் கொண்டு கட்டாயத்தை நிறைவேற்றுவார்கள்.

ஆனால் இந்த மறுப்பிலிருந்து ஒன்றும் செய்யாமல் இருப்பது என்ற முடிவுக்குப் போவதும் பொருந்தாது. நமக்கு ஏற்கெனவே ஒரு கட்டமைப்பு உண்டு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறைமையை நடத்துகிறது. அதன் அடிப்படை, எவ்வளவு காலம் படித்தார் என்பதைக் காட்டிலும் எதைச் செய்யத் தெரியும் என்பது. முறையான வகுப்புக்கே போகாமல் தொழில் பழகியவர், தன் வேலையைச் சான்றுகளோடு காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டித் தகைமை பெறும் முன்கற்றல் அங்கீகார வழியும் அதில் உண்டு. மேசன், வெல்டர், மின்னிணைப்பாளர் எனப் பல தொழிலாளர் இந்த வழியால் சான்றிதழ் பெற்று வெளிநாட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்த இருபது வருட அனுபவம் உள்ள மாஸ்டருக்குத் திறந்திருக்கவேண்டிய கதவு இது. அவரிடம் புத்தகம் படித்தாரா என்று கேட்கத் தேவையில்லை. அவர் முன்னால் மூன்று பேரை நிறுத்துங்கள்: கிளிக்ளசைட் எடுக்கும் ஐம்பது வயதுக்காரர், மூன்று மாதம் முன்பு சிசேரியன் செய்த தாய், ஆறு வாரத்தில் கடற்படைத் தெரிவுக்குப் போகத் துடிக்கும் பத்தொன்பது வயது இளைஞர். ஒவ்வொருவரிடமும் என்ன கேட்கிறார், கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்க்கிறாரா, எதைத் தள்ளிவைக்கிறார், யாரை வைத்தியரிடம் அனுப்புகிறார் என்று பாருங்கள். அதன் பின் தரையில் பொம்மையைக் கிடத்தி நெஞ்சை அழுத்தச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைத்து இடத்தைச் சரியாகச் சொல்கிறாரா என்றும் பாருங்கள். அரை நாளில் முடியக்கூடிய சோதனை இது. இதில் தேறுபவர், எந்த வெளிநாட்டுப் பத்திரமும் இல்லாவிட்டாலும், என் கணக்கில் தேர்ச்சியுள்ளவர்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். வெளிநாட்டு இணையப் பரீட்சைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கின்றன. நோயின் அறிகுறியைக் கேட்டறிவதோ தமிழிலும் சிங்களத்திலும் நடக்கிறது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர் வாழ்ந்த இந்த மாவட்டத்தில், "நெஞ்சுக்குள்ள ஒரு பாரம் மாதிரி", "கண்ணுக்குள்ள இருட்டிக்கொண்டு வருது", "மூச்சு வாங்குது" என்று சொல்வதைக் கேட்டு, இவற்றில் எது களைப்பு, எது இருதயம் என்று பிரித்தறிவதே வேலை. ஆங்கிலத்தில் பல்தேர்வு வினாவுக்குப் புள்ளடி இட்டவர் இதைச் செய்வார் என்பதற்கும், ஆங்கிலம் தெரியாததால் அந்தப் பரீட்சைக்கே போகாதவர் இதைச் செய்யமாட்டார் என்பதற்கும் ஆதாரம் எதுவும் இல்லை. நல்ல வழிகாட்டல்கள் நீளமானவையாகவும் இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2015இல் திருத்தியமைத்த முன்சோதனை முறை, சாரத்தில் மூன்றே விடயங்களைக் கேட்கிறது: இப்போது ஒழுங்காக உடற்பயிற்சி செய்பவரா, இருதயம், நீரிழிவு, சிறுநீரகம் சார்ந்த நோயோ அறிகுறியோ உண்டா, எவ்வளவு கடினமான பயிற்சியைத் தொடங்க விரும்புகிறார். இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, பயிற்றுநரே வாய்விட்டுக் கேட்டு நிரப்பும் வகையில் அமைப்பது பெரிய காரியமில்லை. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் அதைச் செய்ய வல்லது.

இப்படி முன்கூட்டிக் கேட்டால் வாடிக்கையாளர் பயந்து ஓடிவிடுவார் என்று ஜிம் உரிமையாளர்கள் சொல்வதுண்டு. அதற்கான விடை நிலாவெளியில் இருக்கிறது. புறாத்தீவுக்கு அப்பால் சுழியோடப் போகும் சுற்றுலாப் பயணியிடம் சுழியோடும் நிலையம் முதலில் நீட்டுவது மருத்துவ வினாப் படிவத்தை. ஆஸ்துமா, இருதயம், காது, வலிப்பு என்ற வரிசையில் 'ஆம்' என்ற பதில் வந்தால், வைத்தியரின் கையெழுத்து இல்லாமல் அவரைத் தண்ணீரில் இறக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கும் அவர்களின் பயிற்றுநர்களுக்கும் தனித்தனிச் சர்வதேச நியமங்கள் உண்டு. சுழியோட்டச் சான்றிதழிலும் குறை உண்டு. கற்பித்தவரே பல நேரம் தன் மாணவருக்குச் சான்று தருகிறார். ஆனால் அந்தப் படிவத்தைக் கண்டு பயணிகள் ஓடிவிடவில்லை. படிவம் நீட்டாத இடத்தையே சந்தேகிக்கிறார்கள். ஒரு வாரம் தங்கிப்போகும் வெளிநாட்டவருக்கு நம் கரையில் கிடைக்கும் இந்தக் கவனம், ஆண்டு முழுவதும் இங்கே வாழும் நம்மவருக்கு ஜிம்மில் கிடைக்கக்கூடாதா?

மூன்றாவது மறுப்பு ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வருவது; அதை நான் மதிக்கிறேன். நல்ல சான்றிதழ் அறிவைக் கூட்டுகிறது என்பதற்கே இந்த உரையில் நான் சான்று காட்டினேன்; காயங்களையும் மரணங்களையும் குறைக்கிறது என்பதற்கு அதே அளவு சான்று எங்கே என்று அவர்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. ஜிம்மில் நடந்த விபத்து இங்கே எங்கும் பதியப்படாதவரை அதற்கு எண்களால் விடை சொல்ல முடியாது. வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு வீதி விபத்தையும் நாய்க்கடியையும் போல 'உடற்பயிற்சியின்போது' என்று ஒரு குறிப்பைச் சேர்த்துப் பதியத் தொடங்கினால் சில ஆண்டுகளில் விடை கிடைக்கும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு என் காரணம் இது: நான் கேட்கும் திறன்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சான்று உண்டு. சீனி இறங்குவதை முன்னறியலாம், தடுக்கலாம். வெப்பத்துக்கு உடலைப் பழக்கலாம். நின்றுபோன இருதயத்துக்கு முதல் நிமிடங்களில் கொடுக்கும் அழுத்தம் உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இவற்றைச் செய்யத் தெரிந்தவர் அருகில் இருப்பது நல்லதா என்ற கேள்விக்கு இன்னோர் ஆய்வு தேவைப்படாது.

தேர்ச்சிக்கு எல்லையும் ஓர் உறுப்பு. தன் வேலை எங்கே முடிகிறது என்று அறியாத பயிற்றுநர், முதுகுவலிக்கு உருவிவிடுகிறார், நீரிழிவுக்கு உணவுப் பட்டியல் எழுதுகிறார், பெயர் தெரியாத டப்பாக்களில் புரோட்டீன் பவுடர் விற்கிறார். இதன் கடைசிப் படி 'ஊசி'. இலங்கையில் விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாக இருக்கிறது. மருந்துகளைக் கட்டுப்படுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஊக்கமருந்துச் சட்டத்தின் கண் முதன்மையாகப் போட்டியாளரைப் பார்க்கிறது. எந்தப் போட்டிக்கும் போகாமல், கல்யாணத்துக்கு முன் உடம்பை ஏற்றவேண்டும் என்று வரும் இளைஞர் அதன் பார்வைக்கு வெளியே நிற்கிறார். அவருக்கும் ஊசிக்கும் இடையில் நிற்கக்கூடிய ஒரே ஆள் பயிற்றுநர். சில இடங்களில் அவரே விற்பவராகவும் இருக்கிறார் என்பதை இந்த அவையில் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆகவே மதிப்பீட்டில் எல்லை பற்றிய பகுதி கட்டாயம் இருக்கவேண்டும். அதை மீறியவரின் தகைமையை மீளப்பெறும் அதிகாரமும் இருக்கவேண்டும். பறிக்க முடியாத சான்றிதழை நம்புவதற்கு வாடிக்கையாளருக்கு என்ன காரணம் இருக்கிறது?

அனுப்பவேண்டியவரை எங்கே அனுப்புவது என்பதில் நாம் பல நாடுகளைவிட நல்ல நிலையில் இருக்கிறோம். அமெரிக்கப் பயிற்றுநர் "வைத்தியரைப் பாருங்கள்" என்றால் அது பெருஞ்செலவு. இங்கே அரச வைத்தியசாலை இலவசம். 2011 அளவில் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் நடுத்தர வயதினருக்குச் சீனி, பிரஷர், உடல் எடை எல்லாம் கட்டணமின்றிப் பரிசோதிக்கிறார்கள். ஒரு துண்டுக் கடிதத்தில் "இன்ன பயிற்சி தொடங்க விரும்புகிறார், பரிசோதித்துச் சொல்லவும்" என்று பயிற்றுநர் எழுதி அனுப்பவும், வைத்தியர் "இதுவரை செய்யலாம், இதைத் தவிர்க்கவும்" என்று இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பவும் வழி செய்யவேண்டும். தேர்ச்சி பெற்றவரின் கடிதத்துக்கு மட்டும் அந்த மதிப்பு உண்டு என்றால், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே பயிற்றுநர்கள் மதிப்பீட்டுக்கு வருவார்கள்.

மதிப்பிடுபவர் யார் என்பதே எஞ்சும் நடைமுறைச் சிக்கல். ஜிம் உரிமையாளர் ஒருவர் இன்னொரு ஜிம்மின் பயிற்றுநரை மதிப்பிட்டால் போட்டியும் பகையும் வரும். வைத்தியர் மட்டும் மதிப்பிட்டால் பாரம் தூக்கும் கலை அவருக்குத் தெரிந்திருக்காது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவர் ஒருவர், நீண்டகால நோய்க் கிளினிக்கில் பணிபுரியும் தாதி உத்தியோகத்தர் ஒருவர், ஏற்கெனவே தகைமை பெற்ற பயிற்றுநர் ஒருவர் என்று மூவர் கொண்ட குழு போதும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் மதிப்பிட வல்லவர்களாக இருக்கவேண்டும். மதிப்பிடப்படுபவருக்குப் பாடம் நடத்திக் கட்டணம் வாங்கியவர் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. ஆண்டுக்கு இரண்டு தடவை திருகோணமலை நகரிலும், ஒரு தடவை கிண்ணியாவிலும், ஒரு தடவை மூதூரிலும் அமர்ந்தால் யாரும் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. தேறியவர்களின் பெயரும் இலக்கமும் மட்டமும் புதுப்பிக்கவேண்டிய திகதியும், தேர்ச்சி மீளப்பெறப்பட்டவர்களின் இலக்கமும், பிரதேச செயலகத்திலும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்படவேண்டும். முதல் அமர்வுக்கான மதிப்பீட்டுக் கட்டணத்தைப் பெண் பயிற்றுநர்களுக்கு ஏற்றுக்கொள்ள இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் முன்வரவேண்டும் என்று இந்த அவையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.